தூக்கம் வராத மாத்திரை

"மஞ்சளா, வெள்ளையா ஆன்ட்டி?" என்று மருந்துக்கடை சுலைஹா மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இருந்த அந்தக் கடைக்குள் செல்வநாயகி தும்மல் மாத்திரை வாங்கக் கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"மஞ்சள் மலிவு, ஆனா தூக்கம் வரும். வெள்ளை வெலை கூட, தூக்கம் வராது. வீட்ல சும்மாதானே இருக்கீங்க, மஞ்சளே போதும் லா."

சும்மா இருப்பவளாம்! சுருக்கென்றது. பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர வேண்டும், சமைக்க வேண்டும். பட்டப்பகலில் குறட்டை விடும் மாமியாரை எந்த மருமகள் வைத்துக்கொள்வாள்? பேரன் மெல்பர்னில் இருந்தான், அவள் பினாங்கில் இருந்தாள் என்பது வேறு விஷயம்.

பட்டர்வொர்த் ரயில்வே அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த கணவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அன்றிலிருந்து அவள் தனிக்கட்டை. மகன் பரமநாதன் ஞாயிறு தவறாமல் மாலை நாலு மணிக்கு ஃபோன் செய்வான். "நானும் அங்கயே வந்துடறேன் தம்பி" என்று அவள் ஆரம்பித்தால் போதும்.

"உங்க மூக்குக்கு இங்க ஒத்து வராதும்மா. செப்டம்பர் வந்தா காத்தெல்லாம் பூத்தூள். வீட்டுக்குள்ள கார்ப்பெட் தூசி. பூனை வேற."

மூக்கும் சமயம் பார்த்து அவனுக்குச் சாட்சி சொல்லும். பத்து, பன்னிரண்டு என்று அடுக்குத் தும்மல். வெட்கம் கெட்ட மூக்கு.

"வெள்ளையே குடும்மா. எனக்கு பிரஷர் இருக்கு, பரவாயில்லையா?" என்றாள் சுலைஹாவிடம்.

"இதுக்கு ஒண்ணும் செய்யாது. மூக்கடைப்பு மருந்து கலந்து வர்றதை மட்டும் வாங்கிடாதீங்க. ஒரு நாளைக்கு ஒண்ணுதான் ஆன்ட்டி."

செல்வநாயகி எதையும் சோதிக்காமல் நம்புகிறவள் அல்ல. வியாழக்கிழமை கணவரின் பழைய ஃபைல்களை இறக்கித் தூசி தட்டினாள். வெள்ளிக்கிழமை இலவம்பஞ்சுத் தலையணைகளைப் பிரம்பால் வெளுத்து வாங்கினாள். சனிக்கிழமை பக்கத்து வீட்டு ஹமீதாவின் பூனையை ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு தும்மல் இல்லை. கண்கூட அரிக்கவில்லை. அன்று சாயங்காலமே பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள்.

ஞாயிறு நாலு மணிக்கு ஃபோன் அடித்தது.

"தம்பி, எனக்குத் தும்மலே நின்னு போச்சு! நல்ல மருந்து கெடச்சிருச்சு. பூனையைக்கூட மடியில வச்சுப் பாத்துட்டேன். இனி உங்க வீட்டுக் கார்ப்பெட் என்னை ஒண்ணும் செய்யாது."

ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"பரமு?"

"இருக்கேம்மா." குரல் இறங்கிப் போயிருந்தது. மருமகள் ஏதோ கேட்பது பின்னால் கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம். "நல்லதும்மா. ஆனா... மூக்கு மட்டும் இல்ல. அது வந்து... எப்படிச் சொல்றது..."

சின்ன வயசில் தப்புச் செய்துவிட்டு வந்தாலும் இப்படித்தான் இழுப்பான். இத்தனை நாளும் மூக்கின் மேல் பழி போட்டது எதற்கென்று செல்வநாயகிக்குப் புரிந்துவிட்டது. பாவம் மூக்கு. பிள்ளை 'வர வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் என்ன பேசுவது?

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தும்மினாள். மூக்கில் ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக.

"பாத்தீங்களா!" அவன் குரலில் உயிர் வந்துவிட்டது. "அந்த மருந்தெல்லாம் உங்களுக்குக் கேக்காதும்மா. அங்கயே இருங்க, அதான் உங்களுக்கு நல்லது."

"ஆமா தம்பி. கேக்கலதான்."

யாராவது தும்மினால் நூறு வயசு என்று வாழ்த்துவது அந்த வீட்டில் அவன் அப்பா காலத்து வழக்கம். பரமநாதன் அதை மறக்கவில்லை.

"நூறு வயசு இருக்கணும்மா நீங்க," என்றான் நிம்மதியாக.