காரணம் என்ற கட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. நடக்க முடியாத குழந்தைகளுக்கு இலவசப் பயிற்சி தரும் உதவி நிறுவனத்தில் அறிக்கை எழுதுவது என் வேலை. நான்கு திங்கட்கிழமைகள் வராத ஒரு சிறுமியின் படிவத்தில், ‘காரணம்’ என்ற கட்டத்தில், யாரையும் கேட்காமல் எழுதினேன்: தாய்க்கு அக்கறையில்லை. அதை வைத்து அவள் பெயரை நீக்கிவிடுவார்கள்.

2

கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: ‘வறுமையின் கோரப்பிடியில் சிக்கிய அந்தத் தாயின் கண்களில்...’

(வேண்டாம். கண்களை நான் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு படிவத்தை நீட்டினேன்.)

பெயர் நீக்கத்துக்குக் கையெழுத்து வாங்கத்தான் போனேன். சிறுமியின் தாய் வீட்டு வாசலில் மேசை போட்டுத் துணி தேய்ப்பவர்.

“என்ன எழுதியிருக்கு? படிங்க சார்.”

படித்தேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“திங்கக்கிழமைதான் சார் மூட்டை மூட்டையா துணி வரும். நான் இல்லேன்னா அடுத்த தெருவுக்குப் போயிடும். எந்தக் கிழமை தோதுப்படும்னு எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கேட்கவில்லை.

3

(இந்த இடத்தில் நான் திருந்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். கோபம்தான் வந்தது. இலவசமாகச் செய்தும் இந்தப் பேச்சா!)

ஆனாலும் அவர் சொன்னதை அப்படியே எழுதிப் எங்கள் பயிற்சியாளரிடம் கொடுத்தேன். மற்ற வீடுகளிலும் கேட்கச் சொன்னார். பத்தில் ஏழு வீடுகளுக்குத் திங்கட்கிழமை ஒத்துவரவில்லை. வகுப்பு வியாழனுக்கு மாறியது.

முதல் வியாழனே அந்தத் தாயிடமிருந்து அடுத்த குறை.

“இங்க கம்பியைப் பிடிச்சு நிக்கப் பழக்குறீங்க. எங்க வீட்டுல கம்பி ஏது? கட்டிலைப் பிடிச்சு நிக்கச் சொல்லிக்குடுங்க.”

அதுவும் மாறியது. இவரை வாயாடி என்று அலுவலகத்தில் சொன்னவனும் நான்தான். இன்று மனதார நன்றி சொல்கிறேன்.

4

முடிவு: சிறுமி தத்தித் தத்தி நடந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொள்கிறாள். நிதி தருபவர்களுக்கு இது பிடிக்கும். எனக்கும்தான். கதையை அவரிடமே படித்துக் காட்டினேன்.

“கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ இன்னும் கட்டிலைப் பிடிச்சு நிக்கத்தான் செய்யறா. நடந்துட்டான்னு எழுதினா, ‘அதான் நடந்துட்டாளே’ன்னு பயிற்சியை நிறுத்திடுவாங்க சார்.”

எனக்கு இது தோன்றவே இல்லை. ஓர் அழகான வரிக்காகக் குழந்தையின் காலையே வாரிவிடப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அக்கா, வாயைத் திறந்தீர்கள்.

அந்த வரியை அடித்துவிட்டேன். வாசகரே, முடிவு எங்கே என்று நச்சரிக்காதீர்கள். கதையை நான் முடித்துவிட்டால் அவளுக்கு அடுத்த வியாழக்கிழமை வகுப்பு இருக்காது.