எஃபுவாவின் பிறந்த கிழமை

கானாவிலிருந்து மகள் திரும்பி வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு அனந்தலக்ஷ்மி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தபோது, அஞ்சனா குட்டையான விளக்குமாறு ஒன்றை வைத்துக்கொண்டு இடுப்பை வளைத்து டிரைவ்வேயைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். டல்லஸுக்குப் பக்கத்தில், பிளானோவில் அந்தத் தெருவில் பதினாறு வருஷமாக யாரும் டிரைவ்வேயைப் பெருக்கியதில்லை. இலை விழுந்தால் மெஷின் வைத்து ஊதித் தள்ள ஆள் வருவான். எதிர்வீட்டுக்காரர் நாயைப் பிடித்தபடி நின்று வேடிக்கை பார்த்தார். அஞ்சனா நிமிர்ந்து அவருக்குக் காலை வணக்கம் சொல்லி, அவர் நன்றாகத் தூங்கினாரா, மனைவி நன்றாகத் தூங்கினாளா, நாய் சௌக்கியமா என்று வரிசையாக விசாரித்தாள். அந்த மனிதர் அந்த வீட்டாரோடு சேர்ந்தாற்போல் நாலு நிமிஷம் பேசியது அன்றுதான்.

குளியலறையில் இன்னொரு அதிசயம். தொட்டிக்குள் ஆரஞ்சு நிறப் பெயின்ட் வாளி ஒன்றும் காலித் தயிர் டப்பா ஒன்றும் இருந்தன. ஒரு வாளித் தண்ணீரில் தலைக்கே குளித்துவிடலாம் என்று மகள் தாய்க்குச் செய்து காட்டாத குறையாக விளக்கினாள். சாப்பிட வலது கைதான். பெரியவர்களிடம் எதையும் இடது கையால் நீட்டக் கூடாது. வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும், பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்க வேண்டும். இவ்வளவையும் தானே கண்டுபிடித்ததைப் போல ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இதத்தானே இருபத்திரண்டு வருஷமா தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேன்," என்றாள் அனந்தலக்ஷ்மி கணவனிடம். "அப்ப எல்லாம் 'அம்மா, ப்ளீஸ்'னு ரூம் கதவ சாத்திப்பா. இப்ப அவ அங்க தங்கின வீட்டு எசி சொன்னா வேதவாக்கு."

"யார் சொன்னா என்ன, படிஞ்சிருச்சில்ல," என்றார் வாஞ்சிநாதன். டெலிபோன் கம்பெனியில் எஞ்சினியர். வீட்டில் எந்தப் பிரச்சினை வந்தாலும் அது ஏற்கெனவே தீர்ந்துவிட்டதாகப் பார்ப்பது அவர் பழக்கம்.

தீராத பிரச்சினை ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் காந்த வில்லைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தொண்டர் திட்டத்தில் இரண்டு வருஷம் முடித்துவிட்டு அஞ்சனா வந்திருக்கிறாள். மூன்றாவது வருஷமும் அதே கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்க விருப்பம் என்றால், ஜூன் முப்பதுக்குள் அந்தத் தாளில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அவளுக்கு விருப்பம்தான். அம்மா மனதார ஒரு வார்த்தை சொல்லட்டும் என்ற ஒரே ஒரு காரணத்துக்காகக் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அனந்தலக்ஷ்மியால் சொல்ல முடியவில்லை. மகளை மாசத்துக்கு ஒரு தடவை, எதிரொலிக்கும் போனில், ஆறு நிமிஷம் மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். மூன்றாவதுக்கு ஆறு நிமிஷம் போதாது.

இந்த நேரம் பார்த்துத்தான் எசியே வந்து சேர்ந்தாள். அஞ்சனா தங்கியிருந்த வீட்டுக்காரி அவள். கேப் கோஸ்டுக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். ஹூஸ்டனில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்தவள், ஒரு வாரம் பிளானோவில் இருந்துவிட்டுப் போவதாகப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆளும் பெரிது, தலைத்துணியும் பெரிது. அஞ்சனா ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட விதத்தைப் பார்த்ததும் அனந்தலக்ஷ்மி பஸ் நிலையத்தின் கால அட்டவணையை மிகக் கவனமாகப் படிக்கத் தொடங்கினாள்.

ஆனால் எசியிடம் குறை கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்தது. மீன் பிடிக்கிற ஊரிலிருந்து வந்தவள் மீன் கொண்டு வரவில்லை. இரண்டு வருஷம் என் வீட்டில் உன் பெண் மீன் தொடவில்லை, ஒரு வாரம் உன் வீட்டில் நான் தொடாவிட்டால் செத்தா போவேன் என்றாள். அந்த இரண்டு வருஷமும் ஊரே கூடி, மீன் சாப்பிடாத பெண்ணுக்கு என்ன நோய் என்று விவாதித்ததாம். நாலாம் மாதம் அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மா வளர்ப்பு அப்படி என்று எசி தீர்ப்புச் சொன்ன பிறகுதான் விட்டார்களாம்.

எசி பேசியது ஆங்கிலம்தான் என்றாலும் அனந்தலக்ஷ்மியின் காதில் அது தமிழாகவே விழுந்தது. "எஃபுவா, அம்மா நின்னுக்கிட்டு இருக்காங்க, நீ உக்காந்திருக்க," என்று எசி சொன்னதும் மகள் விருட்டென்று எழுந்து சாப்பாட்டுத் தட்டுகளை வாங்கிக்கொண்டு போனாள். இதே வாக்கியத்தை அனந்தலக்ஷ்மி சொல்லியிருந்தால் அது ஒரு அரை மணி நேர விவாதம்.

எஃபுவா என்றது அஞ்சனாவைத்தான். எசியின் ஊரில் பிறந்த கிழமைதான் முதல் பெயர். ஞாயிற்றுக்கிழமை பிறந்த பெண் எசி, வெள்ளி என்றால் எஃபுவா, சனி என்றால் அமா. அஞ்சனா போய் இறங்கிய அன்றே என்ன கிழமை பிறந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா சொல்லிச் சொல்லி மனப்பாடமான பதிலைச் சொல்லியிருக்கிறாள்: வெள்ளிக்கிழமை. எட்டு நாள் கழித்து ஊர்ப் பெரியவர்கள் கூடி எஃபுவா என்று பெயர் வைத்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் சமையலறையில் எசி வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தபோது அனந்தலக்ஷ்மி துணிந்து பேச்சை எடுத்தாள். நீங்கள் சொன்னால் கேட்பாள், இங்கேயே இருந்து டாக்டருக்குப் படிக்கச் சொல்லக் கூடாதா என்று கேட்டாள்.

"நானும் சொல்லிப் பாத்துட்டேன் சிஸ்டர். உங்க அம்மா அங்க உன்ன நெனச்சுக்கிட்டு இருப்பாங்க, வீட்டுக்குப் போன்னு. கேக்கல. வெள்ளிக்கிழமைப் பிள்ளை. அதுங்க கால் ஒரு எடத்துல நிக்காதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. என் வீட்டுக்காரர் கோஃபி, அவரும் வெள்ளிதான். படகுல ஏறினா மூணு வாரம் கழிச்சுத்தான் மூஞ்சியப் பாக்கலாம்."

அனந்தலக்ஷ்மி சும்மா கேட்பதுபோல், சனிக்கிழமைப் பிள்ளை எப்படி என்று கேட்டாள்.

"என் தங்கச்சி அமா இருக்காளே. கல்யாணம் பண்ணிக்கிட்டதுகூட எங்க வீட்டு முற்றத்துல இருந்து நாலு எட்டு தள்ளித்தான். இன்னிக்கும் அங்கயேதான் இருக்கா. சனிக்கிழமைங்க வீட்ட விட்டு நகராது."

சாம்பாரைக் கிளறிய கை அப்படியே நின்றது.

ஏனென்றால் அஞ்சனா பிறந்தது டல்லஸில் ஓர் ஆஸ்பத்திரியில், அதிகாலை மூன்று பத்துக்கு. கடிகாரப்படி சனிக்கிழமை. ஆனால் பஞ்சாங்கத்தில் பொழுது விடிந்தால்தான் நாள் மாறும். விடிய இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆகவே வெள்ளிக்கிழமை, மகாலக்ஷ்மியே வந்து பிறந்திருக்கிறாள் என்று ஊருக்குக் கடிதம் போனது. சனி என்ற சொல்லையே அந்த வீட்டில் யாரும் குழந்தையோடு சேர்த்துச் சொன்னதில்லை. கோபத்தில் திட்டும்போதுகூட அனந்தலக்ஷ்மி 'சனியனே' என்று திட்டாமல் கவனமாக வேறு வார்த்தை தேடிக்கொள்வாள். தேதி எல்லாருக்கும் தெரியும். கிழமை மட்டும் அம்மா சொன்னது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஃபைலைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஏங்க, நாம இத்தன வருஷமா சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல. சூரியோதயம் ஆகல. பஞ்சாங்கப்படி வெள்ளி."

"கானாவுல பஞ்சாங்கம் உண்டா?"

வாஞ்சிநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ராத்திரி பன்னெண்டுக்குத்தான் அங்கயும் நாள் மாறும்னு நெனைக்கறேன். இப்ப எதுக்கு அதெல்லாம்? எல்லாம் நல்லாத்தானே போயிட்டிருக்கு."

வியாழனும் வெள்ளியும் அனந்தலக்ஷ்மிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம், பெயரே தப்பு என்று தெரிந்தால் மகளை அந்த ஊரோடு கட்டிவைத்த கயிறு அறுந்துபோகும். போதாததற்கு அவள் வீட்டை விட்டு நகராத பிள்ளை என்று எசி வாயாலேயே ஆகிவிடும். இன்னொரு பக்கம், பெற்ற வாயால் 'என் பெண் சனிக்கிழமை பிறந்தவள்' என்று சொல்ல வேண்டும். இருபத்துநாலு வருஷம் மகாலக்ஷ்மி என்று சொல்லிவிட்டு இப்போது எப்படி? கோயிலுக்குப் போகும் வழியில் டோல்வேயில் இறங்க வேண்டிய எக்ஸிட்டை இரண்டு தடவை விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரசம் ஊற்றும் கட்டத்தில் அனந்தலக்ஷ்மி பேசினாள். எசியைப் பார்த்து ஆங்கிலத்தில் தொடங்கி, மகளைப் பார்த்துத் தமிழுக்கு மாறி, கடைசியில் யாரையும் பார்க்காமல் முடித்தாள். சனிக்கிழமை என்ற சொல் வந்த இடத்தில் குரல் ஏறக்குறையக் கேட்கவில்லை.

அஞ்சனாவின் கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. அப்படியென்றால் தான் எஃபுவா இல்லையா என்று கேட்டாள். அப்பா ரசத்தில் அப்பளத்தை நொறுக்கினார்.

எசி எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பிறந்த நேரத்தைத் திரும்பவும் கேட்டாள். வெளியே இருட்டா, வெளிச்சமா என்று கேட்டாள். இருட்டு என்றாள் அனந்தலக்ஷ்மி. எந்தக் கடிகாரம் என்று கேட்டாள். ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரம்.

"ஆஸ்பத்திரிக் கடிகாரம் சனின்னு சொன்னா சனிதான்," என்றாள் எசி. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். "இப்பத்தான் புரியுது. ரெண்டு வருஷத்துல பதினோரு பானை ஒடச்சா. எஃபுவாவுக்குத் தலையில தண்ணி நிக்கலயேன்னு நான் மண்டைய ஒடச்சுக்கிட்டேன். வேற யாரோ பேர்ல தண்ணி தூக்கினா எப்படி நிக்கும்?"

பெயர் வைக்கும்போது குழந்தையின் நாக்கில் முதலில் ஒரு சொட்டுத் தண்ணீரும் பிறகு ஒரு சொட்டுச் சாராயமும் வைப்பார்கள் என்று அவள் விளக்கினாள். தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்லு, சாராயத்தைச் சாராயம் என்று சொல்லு என்று அதற்கு அர்த்தம். அஞ்சனாவுக்கும் அப்படித்தான் ஊரார் முன்னால் செய்தார்கள். அதன் பிறகு ஒரு தப்பான பெயரை அப்படியே விட்டுவைக்க முடியாது.

அனந்தலக்ஷ்மி இந்த இடத்துக்காகத்தான் நாலு நாள் காத்திருந்தாள். "அப்ப இவ சனிக்கிழமை. வீட்ட விட்டு நகர மாட்டா. நீங்களே சொன்னீங்க."

"சொன்னேன். நகர மாட்டா," என்றாள் எசி. "எந்த வீட்டன்னு நான் சொல்லலையே, சிஸ்டர்."

வாஞ்சிநாதனுக்குப் புரையேறியது. அஞ்சனா சிரிக்காமல் இருக்கத் தண்ணீர் குடித்தாள்.

எசி சிரிக்கவில்லை. அவள் வேலையாக இருந்தாள், விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பெயரைத் திருப்பி வாங்க வேண்டும், அமா என்று புதிதாக வைக்க வேண்டும், பள்ளிக்கூடச் சுவரில் எழுதியதை அழித்து எழுத வேண்டும். அதற்குப் பிள்ளை அங்கே இருந்தாக வேண்டும். பிறந்த நேரத்தை ஊரார் முன்னால் சொல்ல, பெற்றவளும் வந்தாக வேண்டும். தண்ணீரும் சாராயமும் இந்தத் தடவை இரண்டு பேர் நாக்கிலும் வைக்க வேண்டியிருக்கும்.

"இது உங்க ஊர் வழக்கமா?" என்று கேட்டாள் அனந்தலக்ஷ்மி.

"இந்த மாதிரி எங்க ஊர்ல யாருக்கும் நடந்ததில்ல. அதனால நான் சொல்றதுதான் வழக்கம்."

இருபது வருஷமாக அனந்தலக்ஷ்மியும் தன் குடும்பத்தில் அதே சட்டத்தைத்தான் நடத்திவந்தாள்.

அவள் சாராயம் தொடுவதைப் பற்றி யோசித்தாள். பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்று யோசித்தாள். பதினோரு பானை உடைந்த பாதை எப்படி இருக்கும், மகள் ஒரு வாளியில் குளிக்கிற இடம் எது, மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ண அவள் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று யோசித்தாள். இந்த இரண்டு வருஷத்தில் இதையெல்லாம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எப்போது வருவாய் என்று மட்டுமே கேட்டிருக்கிறாள்.

"அம்மா, நீ வருவியா?" என்றாள் அஞ்சனா. தமிழில் கேட்டாள்.

"வராம? அவங்க என்னை ஊர் முன்னாடி நிக்க வெக்கறேன்னு சொல்லிட்டாங்களே."

மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள் அஞ்சனா. எத்தனை நாள் தங்குவாய் என்று வாஞ்சிநாதன் கேட்டார். எட்டு நாள் என்றாள் அனந்தலக்ஷ்மி. கொஞ்சம் கழித்து, போக வரத் தனி என்று சேர்த்துக்கொண்டாள். அவர் மனக்கணக்காகத் தோசை மாவு, சாம்பார், தயிர் என்று எண்ணி முகம் வாடத் தொடங்கியபோது, எல்லாம் செய்து ஃபிரீஸரில் வைத்துவிட்டுத்தான் போவேன் என்றாள். பிரச்சினை தீர்ந்த நிம்மதியில் அவர் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

சாப்பாடு முடிந்ததும் அனந்தலக்ஷ்மியே போய் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். பன்னிரண்டு மாதம் என்று போட்டிருந்த வரியை விரல் வைத்துப் படித்தாள்.

"எங்க சைன் பண்ணணும்?"

"நீ பண்ண வேண்டாம்மா. நான்தான்."

"தெரியும்டீ. இந்தா, பேனா."