பயனர் ஒன்று

மூடிப்போன தங்கச் சுரங்கத்து ஊரான கோரமண்டலின் ஸ்டேஷனில் அன்று காலை முதல் வண்டிக்கு நின்றவர்கள் ஐந்து பேர். செருப்பின் வாரை ஊக்கு குத்தி இழுத்துக்கொண்டிருந்த நாகேஷ். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிய திலீப். நாற்பத்தேழு வயது ஃப்ளோரா, மடியில் இரண்டு டிபன் டப்பாக்களுடன். போனைப் பார்த்துக்கொண்டிருந்த வாணி. ஐந்தாவது ரெபேக்கா; அவளுக்கு அன்று வார விடுமுறை. மறந்துபோய் வந்துவிட்டு, திரும்பிப் போக மனமில்லாமல் கொண்டுவந்த இட்லியை எல்லோருக்கும் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து பேருக்கும் மாலூர்ப் பக்கம் ஒரே கிடங்கில் வேலை. ஆன்லைனில் விற்கும் கம்பெனியின் கிடங்கு. கையில் ஒரு ஸ்கேனர் கொடுப்பார்கள். அது எந்த அலமாரி என்று சொல்லும். அங்கே ஓடிப்போய்ப் பொருளை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். மணிக்குத் தொண்ணூறு பொருள். குறைந்தால் ஸ்கேனர் சிவப்பாகும்.

"இன்னாம்மே, இன்னும் எத்தினி சர்டிபிகேட்டு பாக்கி?" என்றான் நாகேஷ்.

"நாலு முடிஞ்சிது" என்றாள் வாணி, தலையைத் தூக்காமல்.

"நாலு செவுத்துக்கும் ஒண்ணொண்ணு. கூரைக்கு ஒண்ணு வாங்கிட்டன்னா ஊடு ரெடி."

திலீப் கண்ணைத் திறந்தான். "அது இன்னா வேலைன்னு சொன்ன நீ?"

"யூ எக்ஸ் டிசைன். மெஷின்ல எந்த பட்டன் எங்க இருந்தா ஜனங்களுக்கு சுலபம்னு பாக்கிற வேலை."

"பட்டன் வெக்கறதுக்கு எங்க லைன்லயே டைலர் கீறாரு. அவராண்ட கத்துக்கலாமே, ஃப்ரீ."

ரெபேக்கா வாயில் இட்லியோடு சிரித்தாள். ஃப்ளோரா சிரிக்கவில்லை. "உட்றா டேய். அது படிக்குது. நீ வண்டி ஏறனா சீட்டாட்டம், எறங்கனா தூக்கம். வாயப் பாரு."

வாணி படித்தது இந்த வண்டியில்தான். டிப்ளமோவை இரண்டாம் வருடம் விட்டவள். எட்டு மாதம், போகும்போதும் வரும்போதும், கீறல் விழுந்த போன் திரையில் வெளிநாட்டுக்காரர்கள் பேசப் பேசக் குறிப்பெடுத்தாள். மூன்று சான்றிதழ் வரும்வரை நம்பிக்கை இருந்தது. அதற்குப் பிறகு அறுபத்து மூன்று இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். இரண்டு பதில் வந்தது. ஒருவர் டிகிரி கேட்டார். இன்னொருவர் ஐந்தாவது கோர்ஸ் ஒன்றை விற்கப் பார்த்தார்.

அன்று கம்பெனியின் பெங்களூர் ஆபீசிலிருந்து டிசைன் ஆட்கள் கிடங்குக்கு வருகிறார்கள். ஸ்கேனரைப் பற்றித் தொழிலாளிகளிடம் பேச வேண்டுமாம். சூப்பர்வைசர் சுனில் பெயர் கேட்டபோது வாணி முதல் ஆளாகக் கொடுத்தாள். இதுதான் கடைசி முயற்சி என்று தனக்குள் முடிவு செய்திருந்தாள். இன்றைக்கு நடந்தால் இந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டு. நடக்காவிட்டால் போனில் இருக்கிற எல்லாப் பாடத்தையும் அழித்துவிடுவது.

காட்ட அவளிடம் ஒன்று இருந்தது. கோர்ஸில் கடைசிப் பாடத்துக்கு, நிஜ மனிதர்கள் பயன்படுத்தும் ஒரு கருவியை ஆராய்ந்து எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் பீட்சா வாங்குகிற ஆப்பை எழுதினார்கள். வாணி ஸ்கேனரை எழுதினாள். ஜனங்கள் கண்டுபிடிக்கிற குறுக்கு வழிகளைத் தேடு, கருவியின் தவறு அங்கேதான் இருக்கும் என்று பாடத்தில் சொல்லியிருந்தது. குறுக்கு வழி அவளுக்குத் தெரியும். அவளே தினமும் அதில் போகிறவள்.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் பெல். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற கூண்டில் ஏறியதும், மேலே இழுக்கச் சொல்லி மணி அடிப்பார்கள். கோரமண்டலில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஸ்கேனரில் ‘சரக்கு இல்லை’ என்ற பொத்தானை ஒரே அலமாரிக்கு இரண்டு தடவை அழுத்தினால், சூப்பர்வைசர் வந்து சரிபார்க்க பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கி, அதுவரை அடுத்த வேலை தராது. சூப்பர்வைசர் ஒருநாளும் வந்ததில்லை. கையுறையோடு தப்பாக அழுத்தி இதைக் கண்டுபிடித்தவள் ஃப்ளோரா. ஷிப்ட் முடிவது ஆறு மணிக்கு. கோரமண்டல் வழியாகப் போகும் மாரிக்குப்பம் வண்டி ஆறு ஐந்துக்கு. ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடை. ஐந்து நாற்பத்தெட்டுக்கு பெல் அடித்து, ஸ்கேனரை ஒப்படைத்துவிட்டு நடந்தால் வண்டி கிடைக்கும். விட்டால் அடுத்தது பங்காருபேட்டையோடு நின்றுவிடும், அங்கிருந்து பஸ். ஒன்றரை மணி நேரம் தாமதம். கிடங்கில் முன்னூறு பேர் இருந்தார்கள். பெல் அடித்தவர்கள் கோரமண்டல்காரர்கள் மட்டும்.

ஃப்ளோராவுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் முக்கியம். அவள் புருஷன் ராஜப்பாவுக்கு நெஞ்சு முழுக்கச் சுரங்கத்துத் தூசி. மூச்சு குறையும்போது புத்தி தடுமாறி, எழுந்து எங்காவது போய்விடுவார். பகலில் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா பார்த்துக்கொள்வாள். பாப்பம்மா ஆஸ்பத்திரியில் ஆயா. இரவு எட்டு மணிக்கு அவள் டூட்டிக்குக் கிளம்பியாக வேண்டும். அதற்குள் ஃப்ளோரா வந்துவிடுவாள்.

இதையெல்லாம் ஃப்ளோராவே வண்டியில் வாணியின் போனில் சொல்லியிருந்தாள்.

"எதுக்குடி ரெக்கார்டு?"

"படிப்புக்குக்கா. பேரு வராது."

"வந்தா இன்னா. சினிமாலயா போடப்போற?" என்று சிரித்துவிட்டு அரைமணி நேரம் பேசினாள்.

மதியம் பயிற்சி அறையில் ஏசி ஓடியது. பிஸ்கட் வைத்திருந்தார்கள். பல்லவி என்ற பெண்ணும், லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருந்த ஒரு பையனும் வந்திருந்தார்கள். பல்லவிக்கு வாணியின் வயதுதான் இருக்கும். கன்னடத்தில் பேசினாள். நீங்கள் சொல்வது எதுவும் உங்களைப் பாதிக்காது, தைரியமாகச் சொல்லுங்கள் என்றாள். கூப்பிட்டிருந்த எட்டுப் பேரில் ஏழு பேர், எல்லாம் நன்றாக இருக்கிறது மேடம் என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டைப் பார்த்தார்கள். அதில் திலீப்பும் ஒருவன்.

வாணி போனை நீட்டினாள். "மேடம், நான் இதப் பத்தி ஒரு ஸ்டடி பண்ணியிருக்கேன்."

பல்லவி நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தாள். வாணி பக்கம் பக்கமாகத் தள்ளிக் காட்டினாள். ஆறாவது பக்கத்தில், ‘பயனர் ஒன்று: பெண், நாற்பத்தேழு வயது, எட்டு மணிக்குள் வீடு சேர வேண்டும்’ என்று இருந்தது. ஏழாவது பக்கத்தில் பெல். எந்தப் பொத்தான், எத்தனை தடவை, எத்தனை நிமிடம் என்று அவளுடைய ஸ்கேனர் திரையையே நான்கு படம் பிடித்துப் போட்டிருந்தாள்.

மேசைக்கு அடியில் திலீப் அவள் காலை மிதித்தான். வாணி காலை இழுத்துக்கொண்டு எட்டாவது பக்கத்துக்குப் போனாள். அதுதான் அவள் செய்த டிசைன். வண்டியில் போகிறவர்களுக்கு ஷிப்ட்டைக் கால்மணி முன்னால் தொடங்கி கால்மணி முன்னால் முடிக்க ஒரு திரை. மூன்று இரவு உட்கார்ந்து வரைந்தது.

பல்லவி மறுபடியும் ஏழாவது பக்கத்துக்கே போனாள். "இது கோல்டு" என்றாள் அந்தப் பையனிடம். அவன் லேப்டாப்பைத் திருப்பிவைத்துக்கொண்டு, இதை அனுப்ப முடியுமா என்று கேட்டான். வாணி அங்கேயே அனுப்பினாள்.

மற்றவர்கள் போன பிறகு அவள் நின்றாள். "மேடம், உங்க டீம்ல ஜூனியர் போஸ்ட் இருக்குதா? நாலு சர்டிபிகேட் வெச்சிருக்கேன்."

பல்லவி லேப்டாப் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது. சர்டிபிகேட்டைக் குறை சொல்ல மாட்டேன், நானும் இரண்டு செய்திருக்கிறேன் என்றாள். ஆனால் டிசைன் டிகிரியோ இரண்டு வருட அனுபவமோ இல்லாவிட்டால், யாரும் பார்ப்பதற்கு முன்னாலேயே விண்ணப்பத்தை சிஸ்டம் தள்ளிவிடும் என்றாள்.

"அந்த சிஸ்டமும் நீங்க டிசைன் பண்ணதா மேடம்?"

"இல்ல, அது வேற டீம்" என்று பல்லவி சிரித்தாள். பிறகு ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கிஃப்ட் கூப்பன் கொடுத்தாள். எட்டுப் பேருக்கும் அதுதான்.

ஒன்பதாம் நாள், மாலை ஐந்து நாற்பத்தெட்டுக்கு ஃப்ளோரா பொத்தானை இரண்டு தடவை அழுத்தினாள். ஸ்கேனர் நிற்கவில்லை. காலி அலமாரியைப் படம் எடு என்றது. அலமாரி காலியாக இல்லை. சிவப்பாகி, அடுத்த வேலையைக் கொடுத்தது. இருபதாவது வரிசைக்குப் போகச் சொன்னது. ஃப்ளோரா மெஷினைத் தட்டிப் பார்த்தாள், துடைத்துப் பார்த்தாள். நாகேஷ் ஓடி வந்தான். அவனுடையதும் அப்படித்தான். ஆறு மணிக்கு வாசலுக்கு வந்தால் கதவு திறக்கவில்லை. சோதனை வரிசையில் முன்னூறு பேர் நின்றார்கள். இவர்கள் வெளியே வரும்போது ஆறு இருபத்தைந்து.

பங்காருபேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது திலீப் வாயைத் திறந்தான். "யாரு பண்ணதுன்னு கேக்கறியாக்கா? தோ, நிக்கிறாங்க பாரு டிசைனர் மேடம். போட்டோ புடிச்சி காட்னாங்க, ஏசில உக்காந்து. நான் கால மிதிச்சன். நிறுத்தலயே."

ஃப்ளோரா வாணியைப் பார்த்தாள். "வண்டில என்னப் பேச வெச்சது இதுக்கா?"

"இல்லக்கா. ஷிப்ட்டு நேரத்த மாத்துவாங்கன்னு..."

"மாத்திட்டாங்க இல்ல."

பஸ் வந்தது. சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையான லைனுக்குள் நுழையும்போதே பாப்பம்மாவின் குரல் கேட்டது. டூட்டிக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை போன் செய்துவிட்டார்களாம். அவள் முகம் கழுவப் போன நேரத்தில் ராஜப்பா ஃப்ளோராவைத் தேடிக் கிளம்பி, ரயில் தண்டவாளத்துப் பக்கம் சாக்கடையில் விழுந்து கிடந்திருக்கிறார். இரண்டு பேர் தூக்கி வந்து போட்டார்கள். லுங்கியெல்லாம் சேறு. முழங்கை கிழிந்திருந்தது. ஃப்ளோரா விளக்கின் கீழே அவரை உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். வாணி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஃப்ளோரா அதைத் தொடாமல், எழுந்துபோய் வேறு குடம் கொண்டுவந்தாள்.

மறுநாள் காலை வண்டியில் வாணி எப்போதும் உட்காரும் ஜன்னலோரத்தில் நாகேஷின் பை இருந்தது. "ஆளு வருது" என்றான். ஆள் யாரும் வரவில்லை. மாலூர்வரை வாணி நின்றாள்.

கிடங்கு வாசலில் அவளுடைய அட்டை பீப் சொல்லவில்லை. சுனில் வெளியே வந்தான். "அந்த ஸ்கிரீன்ஷாட்ல உன் ஐடி நம்பர் கீது. மத்தவங்க மேல ப்ரூஃப் இல்ல, உன் மேல கீது. உன்ன வேலைக்கு வெச்ச ஏஜென்சில உன் பேர எடுத்துட்டாங்க."

"சொன்னா ஒண்ணியும் ஆவாதுன்னாங்களே சார்."

"அவங்க டிசைன். இது ஆபரேஷன்ஸ்." சுனில் கையை நீட்டினான். வாணி கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

அன்று மதியம் போனில் ஒரு மெயில் வந்தது. வழுவழுப்பான எழுத்து, ஓரத்தில் கொடி வேலைப்பாடு. பயனர் ஆய்வில் பங்கேற்று மதிப்புமிக்க கருத்துகளை வழங்கியதற்காக வாணிக்கு இந்தச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. கீழே பல்லவியின் கையெழுத்து. ஐந்தாவது. வாணி போனிலிருந்த பாடங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். இதை மட்டும் அழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃப்ளோரா சர்ச்சிலிருந்து வந்து துணி உலர்த்தும்போது வாணி கொடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"அக்கா, நான் இப்ப ஊட்லதான் கீறன். எட்டு மணிக்கு பாப்பம்மா போனதும், நீ வர்ற வரைக்கும் நான் வந்து மாமாகிட்ட உக்காந்துக்கறன்."

ஃப்ளோரா ஈர லுங்கியை உதறினாள். வாணியின் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

"உக்காந்து? அவரப் பத்தியும் எழுதுவ. எப்ப இருமறாரு, எத்தினி தடவ இருமறாரு. படம் புடிச்சி."

"அக்கா..."

"பேரு வராதுன்ன. வரல. திலீப்பு சொன்னான். நான் யாரு அதுல? ஒண்ணா?" கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டாள். பிறகு எடுத்தாள். "போயிரு. என் ஊட்டு வாசப்படி மிதிக்காத."

திங்கட்கிழமை சாயங்காலம் வாணி தன் வீட்டு வாசலில் நின்றாள். மாலூரில் ஆறு ஐந்துக்குக் கிளம்பும் வண்டி வந்து போன சத்தம் கேட்டு அரைமணி ஆகியிருந்தது; மணி எட்டாகப்போகிறது. பாப்பம்மா வெள்ளைச் சேலையில், தோளில் பையோடு ஃப்ளோரா வீட்டுக்குள் போனாள். ராஜப்பாவுக்குத் தண்ணீர்ச் செம்பை எட்டுகிற இடத்தில் நகர்த்திவைத்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு வாளி வைத்தாள். ஜன்னல் கொக்கியைப் போட்டாள். ஃப்ளோரா வரும்வரை அவர் வெளியே போகாமலிருக்க வாங்கிய புதுப் பூட்டைக் கையில் எடுத்தாள்.

"எங்க போற?" என்றார் ராஜப்பா. இரண்டு வார்த்தைக்கு நடுவே இரண்டு மூச்சு.

"டூட்டிக்கு மாமா. அக்கா வந்துரும். நீங்க படுங்க."

"பாப்பம்மா, சாவிய என்னாண்ட குடுத்துட்டுப் போ" என்றாள் வாணி, படி ஏறாமல் வெளியே வந்து நின்று. "நான் உள்ள போகல. வெளியவே உக்காந்துக்கறன். எதனா ஒண்ணுன்னா தொறக்கறதுக்காச்சும்."

பாப்பம்மா அவளைப் பார்க்காமல் சொன்னாள். "உங்கையில குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுக்கீறா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சி."

அவள் வெளியே வந்து கதவை இழுத்தாள். தகரம் அடித்த பழைய கதவு, அடியில் தரையை உரசிக்கொண்டு நகர்ந்தது. இடுக்கில் ராஜப்பாவின் கால் தெரிந்தது, கட்டிலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பாப்பம்மா முட்டி வைத்துத் தள்ளிச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டை மாட்டி அழுத்தினாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.