பத்து மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது

ஒன்றாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அத்தனை பேருக்கும் ஒரே மிஸ். வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் ஒருவன் பென்சில் முனையைக் காதுக்குள் விட்டிருப்பான், ஒருத்தி முன்னால் இருப்பவளின் சடையை பெஞ்சில் முடிச்சுப் போட்டிருப்பாள், ஷூ நாடா அவிழ்ந்த ஏழெட்டுப் பேர் காலை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். மிஸ்ஸுக்குக் கோபம் வரும். வந்த வேகத்திலேயே போயும் விடும். ஆறு வயதுக்காரர்களோடு பதினோரு வருடம் மல்லுக்கட்டியவள் அவள்.

ஆனால் அந்த மாதம் வந்த கோபம் போகவில்லை. அது ஒரு கழிப்பறையில் தொடங்கியது.

வகுப்பை ஒட்டியிருந்த பழைய கழிப்பறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். குழந்தைகளின் உயரத்துக்குக் குழாய்கள், சுவரெல்லாம் மஞ்சள் டைல்ஸ். வேலை முடிந்து மூன்று வாரம் ஆகியும் கதவில் பூட்டுத் தொங்கியது. திறந்துவைக்க ஒரு பெரிய மனிதர் வர வேண்டுமாம். அவருக்கு நேரம் ஒழியவில்லை. அதுவரை சின்னப் பிள்ளைகள் மைதானத்தைத் தாண்டி, பெரிய வகுப்புக்காரர்களின் கழிப்பறைக்குப் போக வேண்டும். கூட்டிப்போக வேண்டிய ஆயாம்மாவை விழா அலங்காரத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். மிஸ் ஒரு பிள்ளையோடு போனால் மற்ற முப்பத்தேழு பேரை யார் பார்ப்பது?

முதல் வாரத்திலேயே நான்கு பேர் உடுப்பை நனைத்துக்கொண்டார்கள். மிஸ் தலைமை ஆசிரியையிடம் போனாள். பள்ளியில் எல்லாருக்கும் அவர் 'பெரிய மிஸ்'.

"சாவியக் கொடுங்க மேடம். விழாவுக்கு முன்னாடி நானே கழுவித் துடைச்சு வெச்சிடறேன்."

"இப்பவே திறந்து விட்டா பிள்ளைங்க அசிங்கம் பண்ணிடும். அப்புறம் ஃபோட்டோல எப்படி இருக்கும்?"

"அசிங்கம் பண்றதுக்குத்தானே மேடம் அதக் கட்டியிருக்கு?"

பெரிய மிஸ் சிரிக்கவில்லை. "ஒண்ணு பண்ணுங்க. பத்து மணிக்கு மேல தண்ணி குடிக்க விடாதீங்க. பாட்டிலையெல்லாம் வாங்கி அலமாரியில வெச்சிடுங்க. உள்ள போனாத்தானே வெளிய வரும்?"

மிஸ்ஸின் வாயில் பத்துப் பதில்கள் இருந்தன. வெளியே வந்தது "சரிங்க மேடம்" மட்டும்தான். மறுநாள் பத்து மணிக்கு முப்பத்தெட்டு பாட்டில்களையும் வாங்கி அலமாரிக்குள் அடுக்கினாள்.

வகுப்பிலேயே குட்டியான ஒரு பெண்ணுக்குப் பட்டாணி என்று பட்டப்பெயர். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "மிஸ், பாட்டிலெல்லாம் என்ன தப்பு பண்ணுச்சு?"

"போய் உட்காரு" என்றாள் மிஸ்.

பத்தாவது நாள் பட்டாணி வரவில்லை. அதற்கடுத்த மூன்று நாளும் வரவில்லை. ஐந்தாம் நாள் காலை, பாட்டில்களை வாங்கி அடுக்கி முடித்த நேரத்தில், அவளுடைய அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். துணிக் கம்பெனியில் தையல் வேலை. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

"நாலு நாளா ஆஸ்பத்திரியில கிடந்தோம். யூரின்ல இன்ஃபெக்‌ஷனாம். காய்ச்சல் நூத்தி மூணு. பிள்ளைக்குத் தண்ணியே குடுக்கறதில்லையான்னு டாக்டர் என்னைத் திட்டறாரு. நான் காலையில பாட்டில ரொப்பி அனுப்பறேன், சாயங்காலம் அப்படியே திரும்பி வருது. ஏன்டின்னு கேட்டா, மிஸ் அலமாரியில வெச்சிட்டாங்கங்கறா. பொய் சொல்றான்னு ஒரு அறை விட்டேன். நீங்க சொல்லுங்க, அவ சொன்னது பொய்யா?"

மேலிடத்து உத்தரவு என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. மிஸ் அதை விழுங்கினாள். "பொய்யில்லைங்க. நான்தான் வெச்சேன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குப் பிள்ளை இருக்கா?"

"ஒரு பொண்ணு."

"அவளுக்கும் இப்படித்தான் அளந்து ஊத்துவீங்களா?"

அம்மா கத்தவில்லை, அழவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மிஸ்ஸுக்கு.

அவள் அலமாரியைத் திறந்துவிட்டாள். "அவங்கவங்க பாட்டில எடுத்துக் குடிங்க." பிறகு பக்கத்து வகுப்பு மிஸ்ஸைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நேராக அலுவலகத்துக்குப் போனாள். பெரிய மிஸ் ரிப்பனுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் நடந்ததைச் சொல்லி, சாவியைக் கேட்டாள்.

"பதறாதீங்க. அவங்க வீட்டுல எப்படிப் பார்த்துக்கறாங்களோ, யாரு கண்டா?" என்றார் பெரிய மிஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, "தண்ணி விஷயம் நாம எழுத்துல எதுவும் குடுக்கலையே?"

மிஸ்ஸுக்கு உச்சந்தலை கொதித்தது. ஒரு குழந்தை நான்கு நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறது. இந்த அம்மாளுக்குக் காகிதத்தைப் பற்றிக் கவலை. நின்றால் கை நீட்டிவிடுவோம் என்ற பயத்தில் வெளியே வந்தாள். வராந்தாவில் ஆயாம்மா ஸ்டூலில் ஏறித் தோரணத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆயாம்மா, அந்தச் சுத்தியலக் குடுங்க."

ஆயாம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். கழிப்பறைக் கதவைப் பார்த்தாள். சுத்தியலை நீட்டினாள். "பூட்டத் தட்டாதீங்க மிஸ், அது கெட்டி. கொண்டியில போடுங்க. பேருக்குத்தான் திருகாணி வெச்சிருக்கான்."

மூன்றாவது அடியில் கொண்டி பூட்டோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. சத்தம் கேட்டுப் பெரிய மிஸ் ஓடி வந்தார். "உங்க வேலை போயிடும்! தெரியுதா?"

"போகட்டும் மேடம். முதல்ல பிள்ளைங்க போகட்டும்."

முப்பத்தேழு பேரும் வரிசையில் வந்தார்கள். பத்தே நிமிடத்தில் மஞ்சள் டைல்ஸ் முழுக்கத் தண்ணீர். இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். ஆயாம்மா யாரையும் கேட்காமல் ஸ்டூலை விட்டு இறங்கி, துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

மாலையே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: பள்ளிச் சொத்தை ஏன் சேதப்படுத்தினீர்கள்? மிஸ் மூன்று பக்கம் எழுதினாள். நனைந்த நான்கு பிள்ளைகள், வாங்கி வைத்த பாட்டில்கள், அதைச் சொன்னவர் யார் என்று தேதி போட்டு எழுதினாள். பதினான்கு நாள் வாயை மூடிக்கொண்டு அதைச் செய்தது தான் என்பதையும் எழுதினாள். நிர்வாகத்துக்கு ஒரு பிரதி, பட்டாணியின் அம்மாவுக்கு ஒரு பிரதி.

அந்த மூன்று பக்கத்தைப் பார்த்ததும் நிர்வாகம் அடங்கிவிட்டது. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விஷயத்தை முடித்துக்கொண்டார்கள். தண்டனையாக வேறு வகுப்புக்கு மாற்றவும் நினைத்தார்களாம். ஒன்றாம் வகுப்பை ஏற்றுக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. பெரிய மனிதர் ஒருநாள் வந்து, அதற்குள் இரண்டு முறை அடைத்துக்கொண்டு சரிசெய்யப்பட்டிருந்த கழிப்பறையின் முன்னால் ரிப்பன் வெட்டிவிட்டுப் போனார். பெரிய மிஸ் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். காலையில் அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் மிஸ்ஸுக்குப் பற்களைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

பட்டாணி திரும்பி வந்த அன்று மாலை, அவளுடைய அம்மா வாசலில் காத்திருந்தாள். மிஸ் வணக்கம் சொன்னாள். அம்மா பதில் சொல்லவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அது நியாயம்தான் என்று மிஸ்ஸுக்குப் பட்டது.