பட்டியலில் அண்ணன் இல்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாதிரியாரைத் திட்டுவதற்காகத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். முதல் வரி இப்படி இருந்தது:

'தற்கொலை செய்துகொண்டவனுக்கு என் பீடத்தில் இடமில்லை என்று ஃபாதர் கர்ஜித்தபோது...'

(நிறுத்து. எங்கள் ஃபாதருக்குக் கர்ஜிக்கத் தெரியாது. மைக் இல்லாவிட்டால் அவர் குரல் இரண்டாவது வரிசைக்கே எட்டாது.)

2

எங்கள் தேவாலயத்தின் பங்கு அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவன் நான். ஆண்டுக்கொருமுறை, அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களைப் பூசையில் வாசித்து மன்றாடுவோம். பட்டியல் என் பொறுப்பு. இந்த முறை இருபத்தாறு பேர். இருபத்தேழாவது என் அண்ணன். பஸ் ஓட்டுநர், பாடகர் குழுவில் தாளம் தப்பிப் பாடுகிறவன், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவன்.

அவன் பெயரையும் தட்டச்சில் அடித்தேன். வாசிக்கும்போது யார் யார் திரும்பி என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். கண்ணீருடன் அழித்தேன்.

(பொய். டீ குடித்துக்கொண்டே அழித்தேன்.)

3

அண்ணி மகளோடு மூன்றாவது வரிசையில் இருந்தார். கடைசிப் பெயரும் முடிந்தது. "அப்பா பேரு எப்பம்மா வரும்?" என்று அந்தப் பிள்ளை கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

பூசை முடிந்ததும் அண்ணி நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, அவரு பேரு?"

"ஃபாதர் வேணாம்னுட்டாரு அண்ணி. நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

"அப்போ ஆண்டவரும் வேணாம்னுட்டாரா?"

அன்றிலிருந்து அண்ணி கோயில் வாசலை மிதிக்கவில்லை. "அவரு இல்லாத மோட்சத்துல எனக்கு என்ன வேலை?" என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம்.

4

மறுநாள் ஃபாதர் கூப்பிட்டார். "உங்க அண்ணன் பேரைக் காணோமேப்பா?"

"அது... தற்கொலை, ஃபாதர்."

"அதுக்கென்ன? மனசு நொந்து போனவன். கடைசி மூச்சுல அவனும் ஆண்டவரும் என்ன பேசிக்கிட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. மன்னிக்கிறது அவரு வேலை. பேரை எழுதிக் குடுக்கிறது மட்டும்தான் உன் வேலை."

சீ! அதைக்கூட நான் செய்யவில்லையே. வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

5

முதல் முடிவு: அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவர் என் தலையில் கைவைத்து, "போகட்டும் தம்பி" என்கிறார். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. பிறகுதான் உறைத்தது: என்னை நானே மன்னித்துக்கொள்ள அண்ணியை வசனம் பேச வைத்திருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது: அண்ணி கதவைச் சாத்த, நான் மழையில் நனைந்தபடி நிற்கிறேன். படிக்கிறவர்கள் எனக்காக உச்சுக் கொட்டுவார்கள். அதுவும் வேண்டாம்.

மூன்றாவது முடிவில் அண்ணி...

6

வாசகரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கதை ஒரே ஒருவர் படிப்பதற்குத்தான். நேரில் சொல்ல வாய் வராத கோழை, அவர் வீட்டு வாசலில் நின்றபடி கடைசிப் பத்தியை எழுதுகிறேன். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது.

அண்ணி, ஃபாதர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நான்தான் அழித்தேன். அண்ணனைக் கைவிட்டது ஆண்டவர் இல்லை, நான். கீழே பாதிப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். நீங்கள் என்ன எழுதினாலும், அதில் ஒரு எழுத்தைக்கூட அழிக்க மாட்டேன்.