ஓடெலைச் சுமக்க ஆறு பேர்

ஆகஸ்டு பிறந்தாலே எனக்கு அலுப்புத் தட்டிவிடும். வெயிலைச் சொல்லவில்லை, மிசிசிப்பியில் பிறந்தவளுக்கு வெயில் ஒரு பொருட்டா. நான் சொல்வது எங்கள் மேசையை. நெடுஞ்சாலை முனையில் இருக்கிற பெட்ரோல் பங்கின் பின்பக்கம் நாலு மேசை போட்டு, காலையில் சூடாக பிஸ்கட் ரொட்டியும் அதன்மேல் ஊற்றிக்கொள்ள வெள்ளைக் குழம்பும் கொடுப்பார்கள். ஜன்னலோர மேசை எங்களுடையது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற நான், டயர் கடை டெல்பர்ட், லாரி ஓட்டிய கிளோவிஸ், தபால்காரராக இருந்த ஹோய்ட், பிறகு ஓடெல் பிரிவிட். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒழுங்காக மடங்குகிற முழங்கால் நாலு தேறினால் அதிகம்.

நாங்கள் ஐவரும் தலஹாச்சி ஸ்டேட் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு நேர்ந்து விடப்பட்ட ஆடுகள். அணிக்கு நாரைகள் என்று பெயர். எங்களில் ஒருவர்கூட அந்தக் கல்லூரியில் படித்ததில்லை. ஆனால் அது தோற்கும்போதெல்லாம் எங்களுக்குத்தான் சோறு இறங்காது. வருஷத்தின் முதல் ஆட்டம் எப்போதும் கல்ஃப் டெக் அணியோடு. அதில் கடைசியாக எப்போது ஜெயித்தோம் என்று கேட்டால், அதற்கே மேசையில் ஒரு சண்டை வரும்.

இந்த வருஷச் சண்டை குவாட்டர்பேக் பற்றியது. பந்தை வாங்கி யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவெடுக்கிறவன் அவன். அவன் சரியில்லை என்றால் மற்ற எல்லாரும் சும்மா. அரிசோனாவிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்திருந்தார்கள், மூன்று வருஷத்தில் இது அவனுக்கு மூன்றாவது கல்லூரி. ஹோய்ட்டுக்கு அவன்தான் தெய்வம். கிளோவிஸுக்கோ உள்ளூர்ப் பையன் ட்ரூயட். டெல்பர்ட்டுக்கு யார் ஆடினாலும் ஒன்றுதான், தோற்கப் போகிறோம்.

"அந்த அரிசோனாக்காரன் கையைப் பாத்தியாடா? அறுபது கஜம் எறியறான்" என்பார் ஹோய்ட்.

"யாருக்கு எறியறான்னு பாத்தியா? எதிராளிக்கு" என்பார் டெல்பர்ட்.

"நம்ம ட்ரூயட் மூணு வருஷமா பெஞ்சைத் தேச்சிட்டிருக்கான். ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்ல. அவனை ஓரங்கட்டிட்டு, நேத்து வந்தவனை இறக்கறதா?"

"பொறுமைக்கெல்லாம் பாயிண்ட் கிடையாதுடா கிளோவிஸ்" என்பார் ஹோய்ட்.

இப்படியே காபி ஆறும். எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு ஓடெல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இருபத்து நாலுக்கு இருபது. நாமதான்" என்பார். எனக்குத் தெரிந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவர் சொன்ன ஸ்கோர் அதுதான். ஒரு வருஷமும் பலித்ததில்லை. அடுத்த ஆகஸ்டில் ஒரு கூச்சமும் இல்லாமல் அதையே சொல்வார். எனக்கு எரிச்சலாகத்தான் வரும். ஆனால் அவர் அதைச் சொல்லாமல் நாங்கள் மேசையை விட்டு எழுந்ததும் இல்லை.

முதல் ஆட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஓடெல் இறந்துபோனார். தோட்டத்தில் புல் வெட்டும் வண்டியில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருக்கிறது. வண்டி வேலியில் முட்டி நின்று உறுமிக்கொண்டே இருந்ததாம். சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துத்தான் விஷயம் வெளியே தெரிந்தது.

வியாழக்கிழமை காலை மேசையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். ஓடெலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஹோய்ட் அரிசோனாக்காரனின் கணுக்கால் வீக்கத்தைப் பற்றி ஆரம்பித்தார். கிளோவிஸ் பதில் சொன்னார், சுரத்தே இல்லாமல். அழத் தெரியாத ஆண்கள் வேறு என்னதான் பேசுவார்கள் என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் டெல்பர்ட்தான், தன் மனைவி தேவாலயத்திலிருந்து கேட்டுவந்த செய்தியைச் சொன்னார். அடக்கம் சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு. பெட்டி சுமக்கிற ஆறு பேரில் இந்த மேசையின் மூன்று ஆண்களையும் ஓடெலின் மகள் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

ஆட்டம் சனிக்கிழமை, ஒரு மணிக்கு. சொந்த மைதானத்தில்.

எங்கள் பக்கத்தில் மைதானத்தில் ஆட்டம் இருக்கிற சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். வைத்தால் மாப்பிள்ளையின் சொந்த அண்ணனே வரமாட்டான். சாவுக்கும் அதே சட்டம்தான். ஊரில் இறுதிச்சடங்கு நிலையம் நடத்துகிறவரே வருஷா வருஷம் ஆட்டங்களின் தேதி அச்சிட்ட காந்த அட்டையை வீட்டுக்கு வீடு கொடுப்பார். எல்லார் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே நாரைப் படம், கீழே அவருடைய நிலையத்தின் தொலைபேசி எண். செத்துப்போகிறவர்களும் அதைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்பதுபோல.

மகள் லனெட் ஆரிகன் மாநிலத்தில் போய்க் குடியேறி இருபது வருஷமாகிறது. பாவம், தேதி தெரியாமல் குறித்துவிட்டாள் என்று மூவரும் முடிவு கட்டினார்கள். திங்கட்கிழமைக்கு மாற்றச் சொன்னால் மாற்றிவிட்டுப் போகிறாள். யார் போய்ச் சொல்வது என்று வந்தபோது மூன்று பேரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ பொம்பளை, ரெபா. நீ சொன்னா எடுபடும்" என்றார் ஹோய்ட்.

நாற்பது வருஷமாக அவர்களோடு சேர்ந்து அதே பெஞ்சில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் நான் பொம்பளை என்பது யாருக்கும் நினைவு வந்ததில்லை. வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டு ஒரு கோழிப் பொரியலைக் கட்டி வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

லனெட் சமையலறையில் இருந்தாள். ஊரார் கொண்டுவந்து குவித்த பலகாரங்களுக்கு நடுவே மேசையில் காலி இடமொன்று கண்டுபிடித்து என் பொட்டலத்தை வைத்தாள். முகம் அப்படியே அவள் அம்மா. நான் துக்கம் விசாரித்தேன். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னேன். பிறகு மென்று விழுங்கி, சனிக்கிழமை விஷயத்தை எடுத்தேன். பாவம் உனக்குத் தெரிந்திருக்காது, அன்றைக்கு முதல் ஆட்டம், வர ஆசைப்படுகிறவர்கள்கூட வரமுடியாமல் போய்விடும் என்றேன்.

அவள் குளிர்பெட்டிக் கதவைக் காட்டினாள். நாரைப் படம் போட்ட காந்த அட்டை அங்கே இருந்தது.

"அதைப் பாத்துத்தான் நாளே குறிச்சேன், மிஸ் ரெபா."

 அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டு முடித்து ரொம்ப நாள் ஆனவள்போலப் பேசினாள்.

"அம்மா போனது வியாழக்கிழமை. நினைவிருக்கா? சனிக்கிழமை மேட்ச். அதனால அப்பா அடக்கத்தைத் திங்களுக்குத் தள்ளிட்டார். யாரும் ஒண்ணும் கேக்கல. அம்மா அந்தக் குளிர் அறையில காத்துட்டிருந்தா, இவர் மேட்ச் பாக்கப் போனார். தோத்துட்டு வந்தார். திங்கட்கிழமை நீங்க எல்லாரும் வெயில்ல கறுத்த மூஞ்சியோட வந்து நின்னீங்க. அம்மாவைக் குழிக்குள்ள இறக்கும்போதுகூட பின்னாடி யாரோ மேட்சோட கடைசி குவாட்டரைப் பத்திக் கிசுகிசுத்திட்டிருந்தாங்க."

எனக்கு நினைவிருந்தது. குடும்பத்தை விட்டு நழுவி எங்கள் பக்கம் வந்து நின்று கிசுகிசுத்தவர் ஓடெல்தான் என்பதும் நினைவிருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

"அவர் எனக்கு நல்ல அப்பாதான். அவர் எப்பவோ கேட்டுவெச்ச, நாரைகளோட ஊதா டையைத்தான் கட்டிவிடச் சொல்லியிருக்கேன்" என்றாள். "ஆனா அவர் ஆயுசு பூரா கொட்டினது அந்த மேசையிலயும் அந்த மைதானத்துலயும்தான். அம்மாவுக்காக ஒரு மேட்ச்சை விடல. அவருக்காக யாராவது ஒரு மேட்ச்சை விடுவாங்களான்னு எனக்குத் தெரியணும். வரலேன்னா பரவாயில்ல. நிலையத்துப் பசங்களை வெச்சுத் தூக்கிக்கறேன். எனக்குத் தெரிஞ்சா போதும்."

கார் வரை கூடவே வந்தாள். அழாத கண்களில் தூக்கமே இல்லை. இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஆறு பேர் சேரவில்லை என்றால் நான் இனி அந்த மேசையில் உட்காருவதில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மேசையில் அப்படியே ஒப்பித்தேன்.  பிறகு, நம்பமாட்டீர்கள், டெல்பர்ட் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் புதியவன் என்றும் அவன் பக்கம் ஓட்டை விழும் என்றும் தொடங்கினார். ஹோய்ட் அதெல்லாம் இல்லை என்றார். கிளோவிஸ் ட்ரூயட்டை இறக்கினால் ஓட்டையைச் சமாளிப்பான் என்றார். அரைத்த மாவையே மறுபடி அரைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் அசந்துவிட்டது. இருபத்து நாலுக்கு இருபது என்று யாராவது சொல்லி இதை முடித்துவைக்க மாட்டார்களா என்று இருந்தது.

"நாளைக்கு யார் யார் வரீங்க? அதைச் சொல்லுங்க" என்றேன்.

கிளோவிஸ் தலையாட்டினார். தன் டிக்கெட்டை மருமகனிடம் நேற்றே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். டெல்பர்ட் பெருமூச்சு விட்டார். எப்படியும் தோற்கப்போகிற ஆட்டம், அதை நேரில் போய்ப் பார்த்துத்தான் ஆகவேண்டுமா என்றார். அதற்கு வருகிறேன் என்று அர்த்தம். ஹோய்ட் மட்டும் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஓடெல் என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவான்?" என்றார் கடைசியில். "மேட்சுக்குப் போவான். நான் செத்துக் கிடந்தாலும் போவான். இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்."



"போவான்" என்றார் டெல்பர்ட். "அதைத்தான்டா அந்தப் பொண்ணும் சொல்லுது."

ஹோய்ட் எழுந்து போய்விட்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவரும் தன் சிநேகிதனுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்திருக்கிறார், ஓடெலுக்குப் புரிகிற ஒரே முறையில்.

சனிக்கிழமை தேவாலயத்தில் பாதிக்கு மேல் பெஞ்சுகள் காலி. மின்விசிறிகள் வெந்நீர் போன்ற காற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தன. வந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள், மீதிப் பேர் கல்ஃப் டெக் அணிக்காரர்களோ என்று சந்தேகப்படும்படி அமைதியாக இருந்தார்கள். ஓடெல் ஊதா டையோடு, ஒரு கவலையும் இல்லாத முகத்தோடு படுத்திருந்தார். லனெட் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை, ஆனால் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் தோள் அசைந்தது.

பிரசங்கம் முடிந்தது. பெட்டியின் பக்கத்தில் ஆட்கள் வந்து நின்றார்கள். கிளோவிஸ், டெல்பர்ட், ஓடெலின் அக்கா பிள்ளைகள் இரண்டு பேர், டெல்பர்ட்டின் மச்சான். ஐந்து பேர். வாசலை எல்லோரும் பார்த்தோம். வாசலில் வெயில் மட்டும்தான் நின்றது. நிலையத்துக்காரர் தன் பையன் ஒருவனுக்குக் கண்ணைக் காட்டினார்.

நான் கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போய் ஆறாவது கைப்பிடியைப் பிடித்தேன். நிலையத்துக்காரர் தயங்கினார். லனெட் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். ஓடெல் உயிரோடு இருந்தபோதே கனத்த மனுஷன். படியிறங்கும்போது என் கெட்ட முழங்கால் மடங்கப் பார்த்தது. முன்னால் போன கிளோவிஸ் திரும்பாமலே, "மெதுவா ரெபா, நான் தாங்கிக்கறேன்" என்றார். விடவில்லை, கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

தேவாலயத்தின் பின்னாலேயே இருந்த கல்லறையில் கூடாரத் துணி ஒன்று கட்டியிருந்தார்கள். அதன் நிழல் குழிக்கும் குடும்பத்துக்கும் மட்டுமே போதுமானது. நாங்கள் வெயிலில் நின்றோம். போதகர் கடைசி ஜெபத்தைத் தொடங்கினார். எல்லாரும் கண்ணை மூடினோம். நான் ஒரு கண்ணை. அதனால்தான் பார்த்தேன். ஜெபத்தின் நடுவில் டெல்பர்ட்டின் வலது கை தானாக இறுகி, இடுப்போரம் ஒரு குத்து குத்திவிட்டு மறுபடி விரிந்தது. டெல்பர்ட் போன வருஷம் வாங்கிய காது மெஷின் புது ரகம். தொலைபேசியில் ஓடுகிற ரேடியோவை நேரே காதுக்குள் கொண்டுவந்துவிடும். எதிரில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் லனெட்டும் கண்ணை மூடியிருக்கவில்லை.

ஆமென் சொன்னோம். நிலையத்துப் பையன்கள் பெட்டியை இறக்கும் பிடியில் கை வைத்தார்கள். லனெட் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினாள்.  இவ்வளவு பாடுபட்டு வந்து, இந்த மடையன் கடைசியில் கெடுத்தானே என்று டெல்பர்ட்டை அங்கேயே கொன்றுபோடத் தோன்றியது.

"ஸ்கோர் என்ன?" என்றாள் லனெட்.

டெல்பர்ட் காது வரை சிவந்துபோனார். இடது கையிலிருந்த தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பொய் சொல்லப் பார்த்தார், வரவில்லை.

"பதினாலுக்குப் பத்து" என்றார். "நாமதான்மா முன்னால."

 கிளோவிஸின் உதடு, யார் எறிந்தது என்று கேட்கத் துடித்து அடங்கியது.

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"மூணாவது குவாட்டர் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. தோக்கறதுக்கு நெறைய நேரம் இருக்கு."

லனெட் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். அந்த வாரம் முழுக்க அழாதவள் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே பையன்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"சீக்கிரம் இறக்கிடுங்க" என்றாள். "முன்னால இருக்கும்போதே போயிடட்டும்."