சேவுகன் மகன் எழுதிய அம்மன் முகம்

1

எரிச்சலில் பிறந்த கதை இது. ஒரு பாராட்டுக் கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கலை என்பது ரத்தத்தில் ஓடுவது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேவுகனை உண்டாக்கினேன். அவருக்கு அதற்கு மேல் பூர்வீகம் கிடையாது.

2

1938. புதுக்கோட்டைச் சீமையின் மேல் சூரியன் தன் பொற்கிரணங்களை மெல்ல—

வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை.

சேவுகன் நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா, அதாவது மேடைத் திரையில் படம், எழுதுகிறவர். தர்பார், காடு, கடைத்தெரு, எதைக் கேட்டாலும் எழுதுவார். நன்றாகவே எழுதுவார், இல்லையென்று சொல்ல எனக்கு ஆசைதான், முடியவில்லை. அவருடைய அப்பா வல்லத்திராக்கோட்டையில் வீடுகளுக்கு வெள்ளையடித்தவர். சுண்ணாம்பு தின்ற விரல்களோடு செத்தார். பேர் வந்த பிறகு சேவுகனுக்கு அந்த விரல்கள் கூச்சமாகிப்போயின. யாரோ பூர்வீகம் கேட்டபோது, "நார்த்தாமலைக் கோயில்ல சித்திரம் எழுதின பரம்பரைங்க நாங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாய்க்கு இனித்தது. அடுத்த தடவை சொன்னபோது முப்பாட்டனுக்கு ராஜா போர்த்திய சால்வையும் சேர்ந்துகொண்டது.

(சால்வை எங்கே என்று கேட்க ஒரு ஆளைக் கொண்டுவரலாமா என்று பார்த்தேன். ஊரில் அப்படி ஒருத்தரும் அகப்படவில்லை.)

3

ரத்தம் என்றால் மகனுக்கும் ஓட வேண்டுமே. மகன் பெயர் திருப்பதி. அறந்தாங்கி பஸ்ஸில் கிளீனர். டிரைவர் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருந்தான்.

நாடக சபைத் தலைவர் ஆத்மநாதன் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மன் படுதா ஒண்ணு வேணுங்க. மொகத்த மட்டும் ஒங்க மகன் எழுதட்டும், சபையில, சனங்க பாக்க. பரம்பரைக் கைய நாங்களும் பாக்கணும்ல?"

அவர் போனதும் திருப்பதி சொன்னான்: "அப்பா, எனக்குக் கோடே நேரா வராது. தாத்தா வெள்ளையடிச்சவருன்னு சொல்லிருங்க. முடிஞ்சுபோச்சு."

"சொன்னா என் படுதாவ எவன் வாங்குவான்?"

"ஒங்க கையப் பாத்துத்தானே வாங்குறாங்க?"

கையைப் பார்த்து வாங்குகிறார்களா, முப்பாட்டனைப் பார்த்து வாங்குகிறார்களா? சேவுகனுக்கே தெரியாமல் போயிருந்தது.

4

சபை கூடிய நாளில், வேறு வழியில்லாமல் திருப்பதி தூரிகையைத் தொட்டான். அவன் விரல்களில் ஏதோ ஒரு மின்னல்—

(இந்த வரி உங்களுக்காக எழுதியது. இப்படித்தான் போகும் என்று காத்திருந்தீர்கள் அல்லவா? வெட்கமாயிருந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன்.)

நடந்தது இதுதான். ஒரு கண் நெற்றிக்கு ஏறிவிட்டது. இன்னொன்று மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. வாய், பல்வலிக்காரியின் வாய். சேவுகனுக்கு ஒரு பக்கம் அவமானம். இன்னொரு பக்கம், நம்புங்கள், நிம்மதி. இப்போது சிரிப்பார்கள். பொய் உடையும். பையன் பஸ்ஸுக்குப் போவான்.

ஆத்மநாதன் எழுந்தார்.

"பாத்தீகளா! அப்பன்கிட்ட இருக்கது பழக்கம். மகன்கிட்ட இருக்கது பரம்பரை! இனிமே சபைக்குத் தம்பிதான் எழுதணும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சேவுகன் எழுந்து நின்றார்.

"அது தப்பா எழுதியிருக்குங்க. எங்கப்பா சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சவரு. எங்களுக்குப் பரம்பரையெல்லாம் கெடையாதுங்க."

"என்னா அடக்கம் பாருங்க!" என்றது கூட்டம். மறுபடியும் தட்டியது.

5

வீட்டுக்கு நடந்தார்கள். திருப்பதி கழுத்தில் மாலை. குளத்தங்கரைத் திருப்பத்தில் அவன் நின்றான்.

"அப்பா, கண்ணு ரெண்டும் நல்லாத்தானே வந்துருக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை. முகம் மலர்ந்திருந்தது. நாளைக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்ற பேச்சே இல்லை.

ஆமாம் என்றால் ஒரு நல்ல டிரைவர் தொலைந்தான். இல்லை என்றால், அப்பனுக்குப் பொறாமை என்று நாளைக்குள் ஊர் பேசும்; மகனும் நம்புவான். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், கிழித்துப் போட்டேன். பதிலை நீங்கள் சொல்லுங்கள். அந்த மின்னலுக்குக் காத்திருந்து தட்டின கை உங்களுடையது. அவன் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.